என் வேலை எங்கேயும் போகாது

"உனக்கென்ன, சர்க்கார் உத்தியோகம். உன் வேலை எங்கேயும் போகாதுல்லா" என்று முதலில் சொன்னது என் கணவர்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் சமைத்துப் போட்ட அவியலையும் பருப்புக் குழம்பையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஏப்பம் அடங்குவதற்கு முன்னால் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வாக்கியம் ஞாபகம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. ஐப்பசி மழையில் ஊர் முழுக்க நசநசத்துக் கிடந்த ஒரு காலையில் என் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்துத் தைத்து மூன்று வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் "பார்க்கலாம்" என்றார். எழுபது தாண்டிய உடம்பு. புத்தி மட்டும் துளிகூட மங்கவில்லை. நாவும் அப்படித்தான். ஆனால் புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து பெட்பேன் வைப்பது வரை பகல் முழுக்க ஓர் ஆள் வேண்டும். மாமியார் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஆள் யார் என்று முடிவு செய்யத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மருந்து மொத்த வியாபாரியிடம் மேனேஜர். கொழுந்தன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். இதற்கென்றே ரயிலேறி வந்திருந்தான். மாமனார் பக்கத்து அறையில் படுத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவர் காதுக்குத் தப்பியிருக்காது.

"ரெண்டு வாரம் சேர்ந்தாப்ல லீவு கேட்டா எங் கம்பெனியில சீட்டக் கிழிச்சிருவான், மைனி" என்றான் கொழுந்தன்.

"எங்க முதலாளிக்கு நான் ஒரு நாள் போகல்லைன்னா கை ஓடாது" என்றார் கணவர்.

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது. சம்பளமில்லா லீவு என்று ஒன்று கேரளத்தில் சர்க்கார் ஊழியர்களுக்கு உண்டு. வருஷக்கணக்கில் எடுக்கலாம். எங்கள் ஆபீசிலேயே அந்த லீவைப் போட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து, மாடி வீடு கட்டி, திரும்பி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்த ஆண்கள் இருந்தார்கள். என் கணவருக்கு அது தெரியும். "ரெண்டு வருசம் போட்டுரு. பெறவு போய்ச் சேர்ந்துக்கிடலாம். பிடிச்சு வெளியே தள்ளீருவானா?" என்றார்.

எவ்வளவு அழகான நியாயம் பாருங்கள்! அவர்கள் வேலை ஊதினால் பறந்துவிடும், அதனால் அதைத் தொடக் கூடாது. என் வேலை கெட்டியானது, அதனால் அதை எடுத்து உடைக்கலாம். அந்தக் கெட்டி வேலை வானத்திலிருந்து விழவில்லை. மூன்று தடவை பரீட்சை எழுதி, பட்டியலில் பெயர் வந்து, அந்தப் பட்டியல் காலாவதி ஆகிவிடுமோ என்று பயந்து செத்து, கைக்குழந்தையை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த வேலை. மலையாளம் எழுதத் தடுமாறிய தமிழ்க்காரி, ஆபீசில் எல்லாரும் சிரிக்கச் சிரிக்க நோட் எழுதிப் பழகி, இலாகாப் பரீட்சை அத்தனையும் பாஸ் செய்து, சீனியாரிட்டி லிஸ்டில் ஒவ்வொரு படியாக ஏறி, அந்த வருஷம் முதலாவதாக நின்றேன். எங்கள் ஹெட் கிளார்க் மார்ச் மாதம் ரிட்டயர் ஆகிறார். அந்த நாற்காலி எனக்கு. லீவில் இருந்தால் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்த பெயருக்குப் போய்விடும். அப்புறம் இன்னொரு காலியிடம் எப்போது வருமோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இதையெல்லாம் சொன்னேன். குரல் உயர்ந்துதான் போயிற்று.

"ஹெட் கிளார்க் ஆனா என்ன கலெக்டர் ஆயிருவியா?" என்றார் கணவர். கொழுந்தன் சிரித்தான்.

ஹோம் நர்ஸ் வைக்கலாமே என்றேன். ஊரில் அதற்கென்று ஏஜென்சிகள் முளைத்திருந்த காலம்.

"கண்டவளெல்லாம் நம்ம அடுக்களையில ஏறி இறங்கவா? அப்பாவுக்குப் பிடிக்காது" என்றார்.

அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில்தான் படுத்திருந்தார்.

எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளும் அன்றைக்குக் கூடத்தில் இருந்தாள். அவளுக்குத் தமிழைவிட மலையாளம்தான் சரளம். "அம்மா வீட்டில இருந்தா எனிக்கு உச்சைக்குச் சூடாயிட்டு சோறு கிட்டுமல்லோ" என்று, மத்தியானம் சூடாகச் சோறு கிடைக்கும் சந்தோஷத்தில் குதித்தாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? ஆனாலும் அந்த நிமிஷம் அவள் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

கொழுந்தன் மறுநாளே வண்டியேறிவிட்டான். நான் கையிலிருந்த லீவையெல்லாம் எடுத்துத் தீர்த்தேன். பத்து நாள் அவருக்குக் கஞ்சி புகட்டினேன், புரட்டினேன், துடைத்தேன், யோசித்தேன். ஒரு நாள் முடியவே முடியாது என்று தோன்றும். மறுநாள் அவர் புண் வரப்போகும் முதுகைக் காட்டி "எரியுது மக்களே" என்று பெற்ற மகளிடம் சொல்வதுபோலச் சொன்னால் மனசு இளகிவிடும். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொல்லை.

இடையில் ஒரு நாள் ஆபீசுக்குப் போனேன். லிஸ்டில் எனக்கு அடுத்த பெயர் ஒரு மலையாளிப் பெண்ணுடையது. ஃபைல் கட்டுவதிலிருந்து எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. நான் லீவு போட்டால் நாற்காலி அவளுக்குத்தான். அவள் என்னைக் கழிப்பறை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், "சேச்சி, போகண்டா. மார்ச் வரெ எங்ஙனெயெங்கிலும் பிடிச்சு நில்லு" என்றாள். போக வேண்டாம், மார்ச் வரை எப்படியாவது தாக்குப்பிடி என்று எனக்குச் சொன்ன ஒரே ஆள் அவள்தான், நான் போனால் லாபம் அடையக்கூடிய ஒரே ஆளும் அவள்தான். என் வீட்டில் ஒருவருக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

மாமியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். நினைத்ததும் கசந்தது. அவர் ஒரு விசித்திரம். எட்டு மணிக்கு மேல் என்னை அடுக்களையில் நிற்க விடமாட்டார். சாப்பாட்டுப் பாத்திரத்தை அவரே பையில் வைப்பார். கிழக்கேகோட்டை பஸ் வரும் நேரம் எனக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். காய்ச்சல், விருந்தாளிகள் வருகிறார்கள், இன்றைக்கு லீவு போடுகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், முகம் கறுத்துவிடும். "லீவா? எதுக்கு லீவு? இங்க என்ன வேலை கெடக்கு ஒனக்கு? போ, போ" என்று விரட்டுவார். நான் தெரு திரும்பும் வரை கேட்டருகில் நிற்பார். என் அம்மா ஒரு தடவை அதைப் பார்த்து "என்ன பாசம்!" என்றாள். "பாசம் ஒண்ணும் இல்ல, ஒண்ணாம் தேதிச் சம்பளம்" என்று நான் சொன்னேன். அப்படித்தான் கடைசிவரை நம்பினேன்.

பதினோராம் நாள், மாமனாரிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டில் லீவு, சீனியாரிட்டி என்றால் என்னவென்று உள்ளும் புறமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக ரிட்டயர் ஆனவர். விதிப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் கழித்தும் யார் யாரோ வீடு தேடி வந்து அவரிடம் மனு எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் ஒரு சொல் சொன்னால் என் கணவர் மறுக்க மாட்டார். "ஹோம் நர்ஸ் வையுங்கடே" என்று அவர் சொல்லிவிட்டால் போதும்.

"மாமா, மார்ச்சில எனக்கு ஹெட் கிளார்க் வரணும். லீவு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன்.

மோட்டுவளையைப் பார்த்தார். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாள் எடு மக்களே" என்றார்.

எடுத்தேன்.

"மூணுல ஒரு பங்கு மடி. மார்ஜின் வேணும்லா."

மடித்தேன். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இரண்டு வருஷச் சம்பளமில்லா லீவு. ஆறு ஆறு மாசமாகக் கேட்டால் நீட்டிக்கும்போது இழுத்தடிப்பார்கள், ஒரே அடியாகக் கேள் என்றார். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இந்த லீவினால் என் சீனியாரிட்டிக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்படும் பாதிப்பை முழுவதும் அறிந்தே, என் சொந்த விருப்பத்தின் பேரில் விண்ணப்பிக்கிறேன் என்று.

"இது எதுக்கு மாமா?"

"இது இல்லைன்னா விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவான். இப்போ ஒருத்தனும் ஒரு கேள்வி கேக்க முடியாது" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அப்போதே நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. எதிர்பார்த்த கை வேறு பக்கம் நீண்டுவிட்டது. அவரே சொன்ன பிறகு என்ன என்று கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு வரை யோசித்துப் பார்க்கிறேன், யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. கடைசி வரி சொன்னபடி என் சொந்த விருப்பம்தான். நாசமாய்ப் போன விருப்பம்!

ஒருத்தனும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லீவு கிடைத்தது. மார்ச்சில் அந்தப் பெண் ஹெட் கிளார்க் ஆனாள். லட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, கொடுக்கவும் முடியாமல் திரும்பக் கொண்டுபோகவும் முடியாமல் வாசலில் நின்று அழுதாள். நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன். மாமனார் இரண்டு கேட்டு வாங்கித் தின்றார்.

ஆனி மாதம் போல இருக்கும். மாமனாரோடு ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அவரைப் பார்க்க வந்தார். நான் கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டுக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பழைய கதை பேச ஆரம்பித்தார்கள். எந்த ஆபீசர் எப்படித் திட்டினான், யார் யார் காலை வாரினான் என்று போய்க்கொண்டிருந்தது. மாமனாருக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"முப்பத்தி மூணு வருச சர்வீஸ்ல சம்பளமில்லா லீவு ஒரு நாள் எடுத்தது கெடையாது வே. ஒரே ஒரு நாள் கூட!"

"உங்க அம்மை ரெண்டு வருசம் எந்திக்காமக் கெடந்தாளே, அப்பக்கூடவா?" என்று கேட்டார் வந்தவர்.

"கெடந்தா. அதுக்கு? எனக்குப் பிரமோஷன் வாற நேரம்லா. லீவு போட்டா கீழ உள்ளவன் ஏறிருவான். விட முடியுமா?"

"அதாக்கும் சர்வீஸ்" என்று வந்தவர் தொடையில் தட்டினார்.

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே இருப்பதே அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

"அப்போ அவங்களை யாரு பாத்தா, மாமா?" என்று கேட்டேன்.

"வேற யாரு, உங்க அத்தைதான். அவ அப்போ பள்ளிக்கூடத்துல டீச்சரால்லா இருந்தா. ஒண்ணு ரெண்டு வருசம் போனா. பெறவு விட்டுட்டா."

அந்த வீட்டுக்கு நான் மருமகளாகப் போய்ப் பதினைந்து வருஷம். ஒருவரும், செத்துப்போன அத்தை உட்பட ஒருவரும், அதை எனக்குச் சொன்னதில்லை.

"அத்தை தானாட்டு விட்டாங்களா, நீங்க விடச் சொன்னியளா?"

"அதெல்லாம் இப்போ என்னத்துக்கு?" என்றார். ஆனால் பேச்சு ருசி விடவில்லை. வந்தவர் பக்கம் திரும்பி, "ராஜிநாமாக் கடுதாசி நாந்தான் வே எழுதிக் கொடுத்தேன். ஒரு புள்ளி குத்தம் சொல்ல முடியாது. பள்ளிக்கூட மேனேஜர் வாசிச்சிட்டு, இது யாரு எழுதினதுன்னு கேட்டானாம்" என்று சிரித்தார். பிறகு என்னிடம், "கஞ்சி ஆறுது மக்களே" என்றார்.

கஞ்சியை ஸ்டூலில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அடுக்களையில் போய் நின்றேன். எட்டு மணிக்கு மேல் அத்தை என்னை நிற்க விடாத அடுக்களை. சம்பளத்துக்காக விரட்டினாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேனே! பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று அத்தை மேலும் கோபம் வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் நிறைய வந்தது.

சாயங்காலம் கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "உங்க அம்மா டீச்சரா இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதுக்கென்ன இப்போ?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போறேன். உங்கப்பாவுக்கு ஆள் பாருங்க. பாக்கல்லைன்னா கதவைப் பூட்டிட்டுப் போவேன்."

அப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. மீதி லீவை ரத்து செய்யக் கோரும் மனுவை நானே எழுதினேன். மார்ஜின் மடிக்கவில்லை. என் கணவர் இரண்டே நாளில் ஹோம் நர்ஸ் கொண்டுவந்தார். இரண்டே நாள்! போனக்காடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த தமிழ்க்காரி, நல்ல பலசாலி. அவள் அடுக்களையில் ஏறினாள், இறங்கினாள், ஒரு பாத்திரமும் கறுத்துப் போகவில்லை. ஒரு வாரத்தில் மாமனார் அவள் கையால் தவிர வேறு யார் கையாலும் கஞ்சி குடிக்க மாட்டேன் என்றார்.

நான் திரும்பிப் போன அன்றைக்கு ஹெட் கிளார்க் நாற்காலியிலிருந்து அந்தப் பெண் பழைய பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். "உட்காரு" என்றேன். உட்கார்ந்தாள். அவள் நீட்டிய ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு என் பழைய மேஜைக்குப் போனேன்.

அடுத்த வருஷம் மாமனார் காலமானார். இந்த ஊரில் சாவு என்றால் பேப்பரில் படத்தோடு அறிவிப்பு வர வேண்டும். மனைவி, மக்கள், மருமக்கள், ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் உத்தியோகம். அதைப் பார்த்துத்தான் குடும்பத்தை எடைபோடுவார்கள். விவரங்களை என் கணவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். 'மனைவி, காலஞ்சென்ற' என்று அத்தை பெயரை எழுதியிருந்தார். நான் பேனாவை வாங்கிப் பக்கத்தில் 'டீச்சர்' என்று எழுதினேன்.

அவர் அதை அடித்தார். "ரெண்டு வருசம் போனது ஒரு வேலையா? பேப்பர்ல பொய் எழுதப்பிடாது" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். ஒரு கிழவர் பேப்பரும் கையுமாக என்னிடம் வந்து, "அப்போ ஹெட் கிளார்க் ஆயாச்சா? ரொம்ப சந்தோஷம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். அத்தை பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மருமகள் என்று என் பெயர். அடைப்புக்குறிக்குள் ஹெட் கிளார்க். என் கணவர் வாசலில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஆபீஸ் சார்பில் மலர் வளையத்தோடு அந்தப் பெண் வந்தாள். நிஜமான ஹெட் கிளார்க். அவளும் பேப்பர் பார்த்திருந்தாள் என்பது அவள் என் முகத்தைப் பார்க்காததிலிருந்தே தெரிந்தது. வளையத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"பேப்பரில் தப்பாக வந்திருக்கிறது" என்றேன்.

"ஸாரமில்ல சேச்சி" என்றாள், பரவாயில்லை என்று.

"இரண்டு தப்பு" என்றேன்.

ஒன்று அவளுக்குத் தெரியும். மற்றது என்ன என்று அவள் கேட்கவில்லை.